கட்டுவன் பலாமரத்தை அறுக்க வாங்கிய வாள்

இராசமலர், கேதீஸ்வரனின் மனைவி. பிறப்பு 1971 செப்ரெம்பர், கட்டுவன். தந்தை மார்க்கண்டு, தோட்டக்காரர், 2006இல் காலமானார். தாய் மகாதேவி, பிறப்பு 1946, இருக்கிறார். உடன்பிறந்தவர் ஒருவரே: சிவகரன், பிறப்பு 1978 சனவரி, இறப்பு 1987 ஏப்பிரல் 22, புதன்கிழமை, நண்பகல். வயது ஒன்பது. இடம், வீட்டுக்கு மேற்கே நின்ற பலாமரத்தடி. காரணம், ஷெல்.

1990 யூன் நடுப்பகுதியில் குடும்பம் ஊரை விட்டு வெளியேறியது. எட்டுப் பரப்புக் காணியும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. 2018இல் திருப்பிக் கிடைத்தபோது வீடு இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. பலாமரம் மட்டும் நின்றது. 2020 மார்கழி மழையில் அதுவும் வேரோடு சாய்ந்தது. 2024 ஓகஸ்டில் அது பலகையாக அறுக்கப்பட்டது.

இவை எங்கள் குடும்பப் பதிவேட்டில் உள்ளவை. மகாதேவி என் தாயின் மூத்த சகோதரி. பதிவேட்டை இருபது ஆண்டுகளாக நான் எழுதி வருகிறேன். இனி வருவனவற்றில் சில நான் நேரில் கண்டவை. மற்றவை இராசமலரும் அவர் கணவரும் சொல்லக் கேட்டவை.

இராசமலர் தச்சு வேலை செய்பவர். இடம்பெயர்ந்து மானிப்பாயில் வாடகை வீட்டில் இருந்தபோது, 1998இல், ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்கென்று ஆறு மாதப் பயிற்சி நடத்தியது. பதினொரு பேர் படித்தார்கள். மற்றப் பத்துப் பேரும் தையலுக்கும் கடைகளுக்கும் போய்விட, இவர் ஒருவர் உளியைக் கீழே வைக்கவில்லை. திருமணமாகி வட்டுக்கோட்டைக்கு வந்த பின்னர் வீட்டின் பின்புறம் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, உட்காரும் வாங்குகளும் யன்னல் சட்டங்களும் பூசை அறைத் தட்டுகளும் செய்து கொடுத்தார். எல்லாம் கைவாளால் அறுத்தவை. 2022இல் வலத் தோள் இறுகிவிட்டது. கைவாளை இனி மறந்துவிட வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். இராசமலர் அதை மறக்கவில்லை. எண்ணெய் பூசிச் சுவரில் மாட்டினார்.

அடுத்த ஆண்டு கட்டுவன் காணியில் இரண்டு அறைகளுடன் சிறிய வீடு ஒன்று எழுந்தது. தாயைச் சொந்த நிலத்துக்கு அழைத்துப் போய் வைத்திருக்க வேண்டும் என்பதே இராசமலரின் நோக்கம். மகாதேவி மறுத்துவிட்டார். வீடு குடிபூரலுக்குக் கூட வரவில்லை. காரணம் கேட்டபோது ஒரே பதில்தான்.

“அந்த மரம் நிண்ட வளவுக்கை நான் கால் வைக்கமாட்டன், பிள்ளை.”

“மரம்தான் விழுந்திட்டுதே, அம்மா.”

“விழுந்தால் போச்சோ? கிடக்குதுதானே.”

ஆனால் அதே தாய், காணி பூட்டிக் கிடந்த இருபத்தெட்டு ஆண்டுகளிலும், அந்தப் பக்கம் யாராவது அனுமதி பெற்றுக் கோயிலுக்குப் போய் வந்தால் முதலில் கேட்டது மரத்தைப் பற்றித்தான். ‘மரம் நிக்குதோ?’ என்பார். நிற்கிறது என்றால் எழுந்து உள்ளே போய்விடுவார். பலாப்பழத்தில் அவருக்கு அவ்வளவு ஆசை என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கக் கூசுகிறது.

இராசமலர் ஒரு முடிவுக்கு வந்தார். புதிய வீட்டின் தலைவாசலுக்கு இன்னும் கதவு போடவில்லை. தகரம் ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். தம்பி உயிர்விட்ட மரத்திலேயே அந்தக் கதவைச் செய்ய வேண்டும். மரம் தரையில் கிடந்து உக்கிப் போகாமல் வீட்டுக்குக் கதவாக நின்றால், அம்மா அதைத் தொட்டுக்கொண்டு உள்ளே வருவார். இது அவருடைய நம்பிக்கை. இதற்காகவே வாள் தேடத் தொடங்கினார்.

முதலில் மரம் அறுத்துக் கொடுக்கும் மரக்காலைக்குத்தான் போனார். விழுந்த மரத்தில் முழங்கால் உயரத்திலிருந்து ஆளுயரத்துக்குச் சற்று மேல் வரையான பகுதியை மட்டும், ஷெல் துண்டு இருக்குமென்று பயந்து சங்கிலி வாள்காரர் தொட மறுத்து, மேலும் கீழும் துண்டித்துப் போட்டிருந்தார். அந்த ஐந்தடிக் குற்றி மூன்றரை ஆண்டுகள் ஓலைக் கூரையின் கீழ் காய்ந்திருந்தது. அதை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கணவனும் மனைவியும் கதிரவேலு என்பவரின் மரக்காலைக்குப் போனார்கள்.

“எந்தப் பக்கத்து மரம், தங்கச்சி?”

“கட்டுவன்.”

கதிரவேலு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “இறக்கவேண்டாம். உப்பிடியே திருப்பச் சொல்லுங்கோ.”

“பாக்காமலே சொல்லுறியள், அண்ணை.”

“பாத்தபடியாத்தான் சொல்லுறன். மேலை பாருங்கோ.”

கூரைத் தகரத்தில் ஒரு விரல் நுழையும் அளவில் துளை ஒன்று இருந்தது. அதனூடாக வெயில் நேராக வாள் மேசையில் விழுந்தது.

“அது வாளின்ரை பல்லுப் போன வழி. நல்ல வேம்பு எண்டு நம்பி ஏத்தினனான். உள்ளுக்கை ஒரு நகத்தளவு இரும்பு. என்ரை பெடியன் அந்த நேரம் குனிஞ்சு பீடி பத்தவைச்சவன், அதாலை அவனுக்குத் தலை இருக்கு. அண்டையிலை இருந்து பலாலிப் பக்கத்து மரம் ஒண்டும் இந்த மேசையிலை ஏறினதில்லை. பீடியையும் நான் தடுக்கிறேல்லை.”

“எங்கடை அப்பா எல்லாத்தையும் எடுத்துப்போட்டார், அண்ணை. ஏழு துண்டு. எழுத்திலை இருக்கு.”

“எழுத்திலை இருக்கும், தங்கச்சி. மரத்திலை என்ன இருக்கெண்டு ஆர் கண்டது?”

இராசமலர் குறிப்பிட்ட எழுத்து என்னிடம் இருந்தது. மார்க்கண்டு பெரியப்பா ஒரு குறிப்புக் கொப்பி வைத்திருந்தார். மகன் இறந்த பத்தாம் நாள், குறடும் சிற்றுளியும் கொண்டு மரத்திலிருந்து ஷெல் துண்டுகளைத் தோண்டி எடுத்து, துளைகளைச் சுண்ணாம்பும் களிமண்ணும் குழைத்து அடைத்ததாக அதில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு துளைக்கும் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், எந்தத் திசை என்றும் குறித்திருக்கிறார். மொத்தம் ஏழு. அந்தப் பக்கத்தை நான் 2009இல் எழுத்துப் பிசகாமல் பதிவேட்டில் படியெடுத்தேன். இராசமலர் தொலைபேசியில் கேட்டபோது, ஏழுதான், எட்டாவது ஒன்றில்லை என்று உறுதியாகச் சொன்னேன்.

அந்த உறுதியோடு அவர்கள் மானிப்பாயில் ஒரு கடைக்குப் போனார்கள். அங்கே வரிசையாக மின்வாள்கள் இருந்தன. கையில் பிடித்து ஓட்டும் வட்ட வாளை இராசமலர் எடுத்துப் பார்த்து உடனே வைத்துவிட்டார். அதன் பாரத்தை அவர் தோள் அரை மணி நேரம் கூடத் தாங்காது. மற்றது மேசை வாள். இரும்பு மேசையின் நடுவே பத்து அங்குல வட்ட வாள் பாதி வெளியே தெரிய, பலகையை அதற்கெதிரே தள்ளிக் கொடுக்க வேண்டும். புதியது, நீல நிறம், ஓராண்டு உத்தரவாதம். விற்பனையாளர் சயந்தன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே கேதீஸ்வரனைப் பார்த்துப் பேசினார்.

“ஐயா பழகினாப் பிறகு கைவாளைத் தொடவே மாட்டியள்.”

“நான் இப்பவும் தொடுறேல்லை, தம்பி. நான் ஓய்வுபெற்ற பஸ் றைவர். நான் வெட்டினால் பின்னேரம் விரலைத்தான் எண்ண வேண்டிவரும். உவதான் தச்சு.”

சயந்தன் ஒரு கணம் தடுமாறி, பின் இராசமலரிடம் திரும்பி, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். மோட்டரை ஓட்டிக் காட்டினார். தேக்குத் துண்டொன்று தடங்கலில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. வெட்டு முகம் சீவுளி போட்டது போல வழுவழுப்பாக இருந்தது. இராசமலர் அதைக் கட்டை விரலால் நெடுநேரம் தடவினார். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் கையால் அப்படி ஒரு வெட்டு விழுந்ததில்லை.

“இதுக்கை ஒரு ஆணி வந்தால்?” என்று கேட்டார்.

“ஆணி ஏன் வரப்போகுது, அன்ரி? பாத்துப் பிடுங்கிப்போட்டு வெட்டவேண்டியதுதானே.”

“பாக்கேலாத இடத்திலை இருந்தால்?”

சயந்தன் சிரித்தார். கேதீஸ்வரனும் சிரித்தார். அந்த உரையாடலைப் பின்னர் நினைவுகூர்ந்து எனக்குச் சொன்னவர் கேதீஸ்வரன்தான். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அன்று வாளை வாங்காமல் திரும்பினார்கள். வழியில் இருவருக்கும் வாக்குவாதம்.

“ஏழு எண்டு உம்மடை சின்னம்மாவின்ரை பெடியன் எழுத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டான். பிறகென்ன உமக்கு? கண்டறியாத பயம்.”

“ஏழு எண்டு எழுதினது அப்பா. அவர் அப்ப பிள்ளையைப் பறிகுடுத்து ஒன்பது நாள். அந்தக் கண்ணாலை அவர் என்னத்தைக் கண்டிருப்பார்?”

“அப்ப மரத்தை விடும். கடையிலை கதவு வாங்குவம்.”

“கடைக் கதவுக்கு அம்மா வரமாட்டா.”



கதிரவேலுவிடம் இராசமலர் தனியே மறுபடியும் போனார். இந்த முறை அவர் குற்றியைப் பற்றிப் பேசாமல் வாளைப் பற்றிக் கேட்டார். தன் மேசையில் மரம் ஏற்றமாட்டேன் என்ற மனிதர், எந்த மேசையில் ஏற்றலாம் என்பதை அரை மணி நேரம் நின்று விளக்கினார். வட்ட வாள் இரும்பில் பட்டால் பல்லைத் துப்பும். மரத்தையும் தள்ளுபவர் வயிற்றுக்கே திருப்பி எறியும். பட்டை வாள் அப்படியில்லை. இரண்டு சில்லுகளில் மாட்டிய நாடா போல அது மேலிருந்து கீழே ஓடுகிறது. மரத்தை மேசையோடு அமுக்குமே தவிர ஆளை நோக்கி எறியாது. இரும்பில் பட்டால் அறுந்து, மூடிக்குள்ளேயே சுருண்டு நிற்கும்.

“வெட்டு அவ்வளவு வடிவா வராது. சீவுளி போடவேணும். வேலையும் மெத்த. ஆனால் உங்களுக்குச் சேதம் இராது. நட்டம் வாளுக்குத்தான்,” என்றார் கதிரவேலு. பிறகு, தன் கூரைத் துளையை அண்ணாந்து பார்த்துவிட்டு, நெல்லியடியில் ஒரு வாள் சும்மா கிடக்கிறதென்று விலாசம் சொன்னார்.

அது றோஸ் என்ற பெண்ணின் வீடு. கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. பட்டை வாள் பின்பக்கக் கொட்டிலில் படங்குத் துணியால் மூடிக் கிடந்தது. பச்சை நிறம் பல இடங்களில் உரிந்திருந்தது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மோட்டர் ஒன்றைப் பொருத்தி வீட்டு மின்சாரத்திலேயே ஓடும்படி செய்திருந்தார்கள். நானும் அன்று கூடப் போயிருந்தேன்.

“இதிலை என்ன வேலை செய்தவர், அக்கா?” என்று கேட்டார் கேதீஸ்வரன்.

“சவப்பெட்டி.”

கேதீஸ்வரன் மேசையில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

“முழுக்கவோ?”

“ஒருக்கா என்ரை தங்கச்சிக்குத் தொட்டில் செய்தவர். மற்றது முழுக்கச் சவப்பெட்டிதான். கடைசியா வெட்டினது தனக்கு. வருத்தத்தோடை இருந்து வெட்டினவர். நீளம் காணாதெண்டு நான் சொன்னனான், கேக்கேல்லை. கடைசியிலை காலை மடக்கித்தான் வைச்சது.” றோஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்து முடிக்குமுன் கண்ணைத் துடைத்தார்.

“இஞ்சேரும், உதை எங்கடை வீட்டுக்கை கொண்டுபோறதோ?” என்று கேதீஸ்வரன் மனைவியின் காதில் கேட்டார். காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“எங்கடை வீட்டுக்கை கிடக்கிற மரத்துக்கு இதுதான் பொருத்தம்,” என்றார் இராசமலர். சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஆட்டமில்லை. பட்டையின் இறுக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார். மேல் மூடியைத் திறந்து மூடி, கொளுக்கி இறுகப் பிடிக்கிறதா என்று மூன்று தடவை சரிபார்த்தார். அவர் வேறு எதையும் கேட்கவில்லை. நீல நிற மேசை வாள் அந்த நிமிடத்தில் கைவிடப்பட்டது.

பட்டை வாள் வட்டுக்கோட்டைக்கு வந்த நாளிலிருந்து மகாதேவி கொட்டில் பக்கம் வரவில்லை. முன்புறத்தில் கதிரையைத் தெருவைப் பார்க்கப் போட்டு, கொட்டிலுக்கு முதுகு காட்டி இருந்தார். ஒரு தடவை மட்டும் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“எந்தப் பக்கத்தாலை வெட்டப்போறாய்?”

“நீட்டுக்குத்தான், அம்மா. ஏன்?”

“கிழக்குப் பக்கத்தை விட்டுப்போட்டு வெட்டேலாதோ?”

“அறுத்துப்போட்ட குற்றிக்கு இனிக் கிழக்கென்ன, மேற்கென்ன?”

மகாதேவி மறுபடி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். வயதாகிவிட்டது என்று இராசமலர் நினைத்தார். என்னிடம் சொன்னபோது நானும் அப்படியே நினைத்தேன்.

குற்றி முழுதாகப் பட்டை வாளில் நுழையாது. ஆப்பு இறக்கி நான்காகப் பிளந்தார்கள். பிளந்த துண்டுகள் ஒவ்வொன்றிலும் பெரியப்பாவின் அடைப்புகள் தெரிந்தன. சுண்ணாம்பு கல்லாகிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைச் சுற்றி மரம், தான் விழும் வரை, முப்பத்துமூன்று வளையம் வளர்ந்து மூடியிருந்தது. கொப்பியில் உள்ள உயரங்களோடு இராசமலர் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஏழும் இருந்தன. ஏழிலும் சுண்ணாம்பைத் தவிர எதுவும் இல்லை. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி நான்கு துண்டுகளிலும் அங்குலம் அங்குலமாக இழுத்தார். காந்தம் எங்கும் ஒட்டவில்லை. ஆழத்தில் கிடப்பதைக் காந்தம் சொல்லாது என்பதை அவர் அறிவார். ஆகையால் முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு அணிந்து, தோல் கையுறை போட்டு, கணவரைச் சுவருக்கு அப்பால் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் மோட்டரைப் போட்டார்.

அது 2024 ஓகஸ்ட் 22, வியாழக்கிழமை. மூன்று துண்டுகள் காலையில் பலகையாகின. பலாவின் மஞ்சள் நிறம் கொட்டில் முழுவதும் தூளாகப் பறந்தது. நான்காவது துண்டு, நிலத்தில் நின்றபோது கிழக்கே பார்த்தது. அதன் வெட்டு முகத்தில் கருநீலக் கோடு ஒன்று மெல்லியதாக ஓடியிருந்ததை இராசமலர் கண்டார். பழைய அடைப்பின் கசிவாக இருக்கலாம் என்று எண்ணினார். இரும்பு கிடந்தால் பலா உள்ளே கறுக்கும் என்பது பயிற்சியில் படித்த பாடம்; அந்த ஏழு என்ற எண் அப்பாடத்தை மறைத்துவிட்டது. எண்ணைக் கொடுத்தவன் நான்.

நண்பகலுக்குச் சற்று முன்னர் வாள் இரும்பில் பட்டது. துவக்கு வெடித்தது போன்ற சத்தம். பட்டை அறுந்து மூடிக்குள் சுருண்டு, மூடியை இரண்டு தடவை உள்ளிருந்து அறைந்து நின்றது. இராசமலர் கையை எடுத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார். மேனியில் ஒரு கீறல் இல்லை.

சுவருக்கு அப்பால் நின்ற கேதீஸ்வரன் ஓடி வருமுன்னர் மகாதேவி வந்துவிட்டார். எழுபத்தெட்டு வயதில், ஊன்றுகோலை முன்வாசலில் போட்டுவிட்டு, அத்தனை நாளும் திரும்பிப் பாராத கொட்டிலுக்குள் வந்து நின்றார்.

“ஆணி பட்டிட்டுதோ?” என்று கேட்டார்.

அவ்வேளையில் மரத்துக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் யாரானாலும் ஷெல் துண்டோ என்றுதான் கேட்டிருப்பார்கள்.

“என்ன ஆணி, அம்மா?”

மகாதேவி மரத்தூளில் அப்படியே இருந்துவிட்டார். இராசமலர் தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. பிறகு சொன்னார். கேட்டவர்கள் எனக்குச் சொன்னபடி இங்கே எழுதுகிறேன்.

“அவன் மரத்திலை ஏறிப்போட்டு இறங்கத் தெரியாமல் கத்துவானெல்லே. ‘அம்மா, இறக்கிவிடணை’ எண்டு. செத்த மூண்டாம் நாளிலை இருந்து மத்தியானத்திலை அந்தச் சத்தம். கொப்பருக்குக் கேக்கேல்லை. எனக்குக் கேட்டுது. நான் சோத்தைப் போட்டுக்கொண்டு போய் மரத்துக்குக் கீழை நிப்பன். கொப்பர் பயந்துபோய் மந்திரிக்கிற ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்தவர். அந்தாள் சொல்லிச்சுது, துர்மரணப்பட்ட பிள்ளை, தாயைக் கூட்டிக்கொண்டு போகப் பாக்குது, மரத்தோடை கட்டிப்போட வேணுமெண்டு. பெத்தவைதான் அடிக்கவேணுமாம். உன்னைச் சின்னம்மாவிட்டை அனுப்பிப்போட்டு...” சின்னம்மா என்றது என் தாயை, கொப்பர் என்றது பெரியப்பாவை. “ஆணியை நான் பிடிச்சனான். கொப்பர் அடிச்சவர்.”

“பிறகு?” என்றார் இராசமலர்.

“பிறகு கூப்பிடேல்லை.”

மகாதேவியே தொடர்ந்தார். “மூண்டு வரியம் பக்கத்திலை இருந்து பாத்தன். ஒரு சத்தமில்லை. பிறகு ஓடச் சொன்னாங்கள், ஓடிவந்திட்டம். அவனை அதிலை அடிச்சுவைச்சுப்போட்டு நான் வந்திட்டன். அதுக்குப் பிறகு அங்கை ஆர் இருந்தது? ஆமிக்காறர். ஒன்பது வயசுப் பிள்ளை.”

கேதீஸ்வரன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் மானிப்பாயில் என் வீட்டிலிருந்து கிளம்புமுன்னர் கொப்பியைத் திறந்தேன். பெரியப்பா அதை மறைக்கவில்லை. துளைகளின் பட்டியலுக்கு நான்கு பக்கங்கள் தள்ளி, 1987 மே 19 என்று தேதியிட்டு, அவருடைய சாய்ந்த எழுத்தில் இருந்தது: தேசிக்காய் ஒன்பது, நீற்றுப்பூசணி ஒன்று, கற்பூரம், மஞ்சள் நூல், இரும்பு ஆணி ஐந்து அங்குலம் ஒன்று. மே 22 முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை செய்யும் நாள். அந்தியேட்டிக்கு வாங்கிய சாமான்கள் என்று கருதி, 2009இல் நானே அப்படித் தலைப்பிட்டுப் படியெடுத்திருந்தேன். அந்தியேட்டிக்கு ஆணி எதற்கு என்று பதினைந்து ஆண்டுகளில் ஒரு தடவையாவது நான் கேட்டிருக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது இராசமலர் துண்டை வாங்கில் வைத்து, உளியால் சிறுகச் சிறுகச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஆணியை அறுக்கக்கூடாது, வளைக்கக்கூடாது, அடித்தபடியே நேராக எடுக்கவேண்டும் என்று மகாதேவி சொல்லியிருந்தார். தோள் வலி தாங்காமல் இராசமலர் இடையிடையே நிறுத்தினார். கேதீஸ்வரன் உளியைக் கேட்டார், அவர் கொடுக்கவில்லை. இரண்டரை மணி அளவில் குறடு பிடிக்கக்கூடிய அளவு இரும்பு வெளியே தெரிந்தது. பட்டை வாள் பட்ட இடத்தில் வெள்ளிக் கீறல் ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் கறுப்பு. இராசமலர் குறடால் பிடித்து இழுத்தார். மரம் முனகியது, உலர்ந்த மரத்திலிருந்து ஆணி வரும்போது அப்படித்தான் சத்தம் கேட்கும் என்று தச்சர்கள் சொல்வார்கள். மகாதேவி இரு கைகளையும் ஏந்திக்கொண்டிருந்தார். ஆணி அவர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் கையை மூடினார். அன்று மாலை வரை திறக்கவில்லை. சோற்றை மகள்தான் ஊட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கீரிமலைக்குப் போய் ஆணியைக் கடலில் விட்டார்கள். திரும்பும் வழியில் கட்டுவனில் வாகனத்தை நிறுத்தச் சொல்லி, மகாதேவி தாமாகவே இறங்கினார். மரம் நின்ற குழியை எட்டிப் பார்த்தார். வீட்டு வாசலில் சாத்தியிருந்த தகரத்தைக் காட்டிக் கேட்டார்.

“கதவு எப்ப முடியும்?”

“இன்னும் ஒரு மாசம் செல்லும், அம்மா. புதுப் பட்டை வாங்கி மாட்டவேணும்.”

“கதவைப் போடு. பூட்டு வைக்காதை.”

“பூட்டில்லாமல் எப்பிடி மாமி? கள்ளர் வருவாங்கள்,” என்றார் கேதீஸ்வரன்.

“வந்தால் வரட்டும். என்னத்தை எடுக்கப்போறாங்கள்? பிள்ளை வந்து பூட்டைக் கண்டிட்டுத் திரும்பிப்போனால் ஆர் போய்க் கூப்பிடுறது?”

புதுப் பட்டை மாட்டி வாள் மறுபடி ஓடத் தொடங்கிய நாள் நண்பகலில் மகாதேவி தம் கதிரையைக் கொட்டில் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி அதில் இருந்தார். கேதீஸ்வரன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மாமி, ஏதும் கேக்குதோ?”

“மிசினை நிப்பாட்டினால்தானே கேக்கும்.”

இராசமலர் மோட்டரை நிறுத்தினார். அன்றிலிருந்து நண்பகல் பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை அந்த வாள் ஓடுவதில்லை. கதவு முடிந்து, தாயும் மகளும் மருமகனும் கட்டுவனுக்குக் குடிபோய், வாளும் அங்கே பின்கொட்டிலில் பொருத்தப்பட்ட பின்னரும் அந்த ஒழுங்கு மாறவில்லை. அவசர வேலைக்கு வருபவர்களிடம், மின்சாரம் பாரம் தாங்காது என்று கேதீஸ்வரன் சொல்லி வைக்கிறார்.

ஒரு நாள் நானும் அந்த நேரத்தில் அங்கே இருந்தேன். கதவு உள்நோக்கித் திறந்து கிடந்தது. நான்காவது துண்டின் பலகை அதன் நடுவில் இருந்தது. கருநீலக் கோடு கீழிருந்து நெஞ்சுயரம் வரை தெரிந்தது. இராசமலர் அதைச் சீவி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஆணி இருந்த துளையை அடைக்கவும் இல்லை. மகாதேவி கதவுக்கு எதிரே இருந்தார். பக்கத்துக் காணியில் யாரோ பூவரசங் கொப்பு முறித்தார்கள். வேறு சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஒரு மணியாகும் வரை நாங்கள் நால்வரும் பேசவும் இல்லை.

பதிவேட்டில் 2009ஆம் ஆண்டுப் படியில் நான் இட்ட தலைப்பைச் சிவப்பு மையால் வெட்டி, அருகே கையொப்பமிட்டேன். அதன் கீழ் எழுதியது வருமாறு.

ஆணி. அடித்தது 1987 மே 19. எடுத்தது 2024 ஓகஸ்ட் 22. முப்பத்தேழு ஆண்டுகள், மூன்று மாதங்கள், மூன்று நாட்கள்.